ஹாட் டப்புக்கு அடியில் என்ன போடலாம்: காங்கிரீட்டா, ஜல்லியா, இன்டர்லாக்கா?

வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டியான ஏழடிக்கு ஏழடி ஹாட் டப்பைக் கடையில் காலியாகப் பார்த்தால் அது ஒரு பாரமாகவே தெரியாது, 350 கிலோ பக்கம்தான் இருக்கும். அதில் 1,500 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு சனிக்கிழமை ராத்திரி மச்சான், மச்சாள், பிள்ளைகள் என்று ஆறு பேர் உள்ளே இறங்கினால் மொத்தம் 2,300 கிலோ ஆகிவிடும். அதாவது சதுர அடிக்கு 100 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டோடு வந்த மர டெக் (வீட்டுக்கு வெளியே கட்டிய மரமேடை) பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்குகிற கணக்கில் கட்டப்படுவது, அதனால் "டெக் பலமாகத்தானே இருக்கிறது, அதிலேயே வைத்துவிடலாம்" என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். டெக் மேல்தான் வேண்டும் என்றால் இன்ஜினியர் வரைபடம், பெர்மிட், ஆழமாக இறக்கிய தூண்கள் எல்லாம் வேண்டும், அது வேறு பட்ஜெட்.

கனடாவில் டொரன்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு எடையோடு இன்னொரு தலைவலியும் உண்டு. இங்கே குளிர்காலத்தில் நிலம் உறையும் ஆழத்தை 4 அடி என்று வைத்துத்தான் கட்டுமானக் கணக்கு போடுகிறார்கள். பல இடங்களில் மண் களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது உறைந்தால் விரிந்து மேலே இருப்பதைத் தூக்கும், ஏப்ரலில் இளகி இறங்கும். எல்லா இடமும் ஒரே அளவு ஏறி இறங்கினால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் ஏறினால்தான் டப்பின் சட்டம் முறுகும், ஷெல்லில் (தண்ணீர் நிற்கும் தொட்டியில்) விரிசல் வரும், பக்கக் கதவைத் திறக்க முடியாமல் இறுகிவிடும். ஆகவே மேலே எந்தப் பொருளைப் போட்டாலும் அதற்குக் கீழே தண்ணீர் நிற்காத, நன்றாக இறுக்கிய கல் படுகை கட்டாயம்.

சொந்த வீடு, அங்கேயே பத்து வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு காங்கிரீட்டுக்குத்தான். 4 அங்குலத் தடிமன் குறைந்தபட்சம், கீழே 4 முதல் 6 அங்குலம் இறுக்கிய ஜல்லி, நடுவில் கம்பி வலை அல்லது கம்பி, டப்பைவிட நாலு பக்கமும் அரையடி கூடுதல் அகலம். கலவை 32 எம்பிஏ (மெகாபாஸ்கல், காங்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் அளவு), காற்றுக் குமிழ் சேர்த்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் குமிழ் இல்லாவிட்டால் உறைந்து இளகும்போது மேல்தோல் செதில் செதிலாக உரியும். எட்டடிக்கு எட்டடி பலகைக்கு 30 கிலோ மூட்டை நாற்பதுக்கு மேல் வேண்டும், அதைக் கையால் கலக்கிக்கொண்டிருப்பதைவிடச் சின்ன லோடாக லாரியில் வரவழைப்பது முதுகுக்கு நல்லது. ஊற்றி ஒரு வாரமாவது டப்பை ஏற்றாதீர்கள், முழு பலம் வர 28 நாள் பிடிக்கும்.

இதில் ஒரு சிக்கலை யாரும் சொல்வதில்லை. பேட்டியோ (வீட்டுப் பின்புறத் தளம்) போடுகிற மேஸ்திரிக்கு மழைத்தண்ணீர் வழிய அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைப்பது கைப்பழக்கம், எட்டடிக்கு அது 2 அங்குலம் ஆகிவிடும். டப்புக்கு அது ஆகாது. "இது ஹாட் டப்புக்கு, மட்டமாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லி, காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நீளமான பலகையின் மேல் ரசமட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் பாருங்கள்.

வாடகை வீடு, அல்லது இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் ஜல்லியே போதும், காசும் குறைவு. முக்கால் அங்குல உடைத்த கல்லாகக் கேளுங்கள். உருண்டைக் கூழாங்கல் அழகாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பிடிக்காமல் நழுவும். புல்லையும் கறுப்பு மண்ணையும் சீவி எடுத்து, மண்ணும் கல்லும் கலக்காமல் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, சுற்றி மருந்தேற்றிய மரச்சட்டம் அடித்து, மூன்று அங்குலம் மூன்று அங்குலமாகக் கொட்டிப் பிளேட் காம்பேக்டரால் (அதிர்ந்து தரையை இறுக்கும் மெஷின்) இறுக்குங்கள், மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டினால் மேலே மட்டும்தான் இறுகும். குதிகாலை அழுத்தித் திருப்பிப் பாருங்கள், கற்கள் விலகிக் குழி விழுந்தால் இன்னும் ஓட்ட வேண்டும். சில டப் கம்பெனிகள் ஜல்லி மேல் வைத்தால் வாரண்டி தருவதில்லை, கல் வாங்கும் முன் டப்பின் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கிற இன்டர்லாக் (ஒன்றோடொன்று நெருக்கிப் பதித்த தரைக்கற்கள்) மேல் வைக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கீழே எவ்வளவு ஆழம் கல் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாத வரை வேண்டாம். ஓரத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்துத் தோண்டினால் தெரிந்துவிடும், 6 அங்குலத்துக்குக் குறைவாக, வெறும் மணலாக இருந்தால் அது நாற்காலி போட்டு உட்காரத்தான் ஆகும். ஹோம் டிப்போவில் விற்கும் இரண்டடிச் சதுரப் பலகைக்கற்கள் இன்னும் மோசம், நடுவில் உடையும். ஒன்றோடொன்று கோத்துப் போடும் பிளாஸ்டிக் பேட் பரவாயில்லை, ஆனால் களிமண் மேல் நேராகப் போடாமல் கீழே ஜல்லி போட்டுத்தான். வெறும் புல்லில் காற்றடைத்த டப்பைக்கூட வைக்காதீர்கள்.

தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொல்லி, நிலத்தடியில் கேஸ், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று அடையாளம் போட வையுங்கள், இலவசம்தான். கரண்டுக்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனும் இஎஸ்ஏ (ஒன்டாரியோவின் மின் பாதுகாப்பு ஆணையம்) பெர்மிட்டும் வேண்டும், காங்கிரீட் ஊற்றும் முன்பே அவரைக் கூப்பிட்டு வயர்க்குழாய் எந்த வழியில் வரும் என்று கேட்டுவிடுங்கள், பிறகு உடைப்பது வேதனை. கூரைத் தண்ணீர் விழும் குழாய் படுகைப் பக்கம் திரும்பியிருந்தால் அதையும் அப்போதே திருப்பிவிடுங்கள்.

டப்பை இறக்கியதும் முழுதாக நிரப்பாதீர்கள். உட்காரும் மேடைக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு, ஷெல்லின் ஓரக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலையில் அரை அங்குலம் குறைந்தாலும் ஆப்பு வைத்துச் சரிக்கட்டும் ஆசை வரும், வைக்காதீர்கள், இரண்டாயிரம் கிலோவும் அந்த ஆப்பின் முனைகளில்தான் போய் நிற்கும். தண்ணீரை இறக்கி, டப்பை நகர்த்தி, படுகையைச் சரிசெய்யுங்கள்.