மகன் சொல்லிவிட்டான்: அடுத்து நாம் செய்ய வேண்டியது

"எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்லம்மா, பசங்க மேலதான்" என்று மகன் சொல்லிவிட்டான். நீங்கள் அடிக்கவில்லை, துரத்தவில்லை. அதற்காக மனசில் வெறுப்பே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். அக்கறை என்று நினைத்துச் செய்கிற காரியங்களில்தான் அது பதுங்கியிருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். அவன் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எதை மாற்றினீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். தம்பியின் பாயை அவன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால், தன்பாலீர்ப்பையும் சின்னப் பிள்ளைகளிடம் தவறாக நடப்பதையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அன்றிரவே பாயைப் பழைய இடத்தில் விரியுங்கள். 'எவன் கெடுத்தான்' என்று செல்போனைத் துழாவினீர்களா? சேலை கட்டிவிடுவானோ என்று பயமா? தன்னைப் பெண்ணாக உணர்கிறவர் திருநங்கை. உங்கள் மகன் சொன்னது யார்மேல் ஆசை வருகிறது என்ற விஷயம்.

அடுத்து பரிகாரம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம், தேவிபட்டினத்தில் நவக்கிரகம், ஏர்வாடியில் தர்கா. நம் ராமநாதபுரம் பக்கத்தில் எல்லாமே ஒரு பஸ் தூரம். கும்பிடப் போவதில் தப்பில்லை. 'இது தீரணும்' என்று நேர்ந்துகொண்டு அவனை இழுத்துப்போனால் அவனை நோயாளியாக்குகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று டாக்டர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது.

கல்யாணம் முடித்தால் சரியாகும் என்பவர்களிடம் ஒரே கேள்வி: உங்கள் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை பார்ப்பீர்களா?

'இது எனக்குப் புரியல' என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே புரிதல் போதாது என்று சொல்லி, உளவியல் நிபுணர் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். உங்களுக்குக் கொட்டித் தீர்க்க ஆள் வேண்டுமா? அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது. அத்தையிடமோ பங்குத்தந்தையிடமோ ஜமாஅத்திலோ அவனைக் கேட்காமல் வாய்திறக்காதீர்கள். தங்கச்சிமடத்தில் சொன்னது பாம்பன் பாலம் தாண்ட ஒரு மணி நேரம் ஆகாது.

விசைப்படகு வீடுகளில் அப்பாவிடம் சொல்லும் நேரமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கரையில்தான் இருப்பார், ஆனால் கையில் காசிருக்காது. அப்போது பேச்செடுத்தால் கடன் கோபமும் சேர்ந்து இவன்மேல் விழும்.

வலை கட்டுகிற இடத்தில் யாராவது 'ஒன்பது' என்று கேலி பேசினால் பாடம் நடத்த வேண்டாம். "அந்தப் பேச்சு வேணாம்ண்ணே" என்று வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னால் போதும்.

மகனிடம் மன்னிப்புக் கேட்கும்போது அழுது தீர்க்காதீர்கள். அவன் உங்களைத் தேற்ற வேண்டிவரும். "பாயை மாத்துனது தப்புய்யா" என்று செய்த காரியத்தைச் சொல்லிக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் வரன் கொண்டுவந்தால் "அவனே சொல்லட்டும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாதகத்தில் தோஷம் என்று புளுகினால், அவர்கள் அடுத்த மாதமே பரிகாரம் விசாரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.