அறுபதைத் தாண்டிய நண்பர்களோடு கொடைக்கானலில் நான்கு நாள் நடை

எட்டுப் பேர் கிளம்புகிறீர்கள் என்றால், எட்டு பேரில் எந்த முழங்கால் மோசமோ அதற்குத்தான் திட்டம் போடவேண்டும். மேப்பில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊரில் மணிக்கு 4 கி.மீ. நடப்பவர், வேரும் கல்லுமான மலைப்பாதையில் 2 கி.மீ. நடந்தாலே பெரிது. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடியோ மறுநாள் காலையில்தான் தெரியும்.

அதனால் பயிற்சியும் இறக்கத்துக்குத்தான். இரண்டு மாதம் முன்பே ஒருநாள் விட்டு ஒருநாள் 45 நிமிட நடையைத் தொடங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி படியில் மெதுவாக இறங்குங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களும் நெஞ்சுவலி வந்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். புது ஷூவை அங்கே போய்ப் பிரிக்காதீர்கள். ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்கவேண்டும். முன்னால் ஒரு விரற்கடை இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் நகம் கறுத்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வழுக்கல், அட்டை. ஏப்ரல், மே கூட்டத்தில் வேனிலேயே பாதி நாள் கழிந்துவிடும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்புமுன் பதிவு செய்து, டிரைவர் போனிலும் போட்டுவையுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில். அறை எடுக்கும்போது இயற்கைக் காட்சியைவிட மூன்று கேள்வி முக்கியம்: தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எந்நேரமும் வருமா?

கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து மலைமேல் சுமார் 80 கி.மீ., மூன்று மணி நேரம். வாந்தித் தடுப்பு மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். ப்ராஸ்டேட் தொல்லை, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்று மாலை கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையில் ஒரு கிலோமீட்டர் போதும். மறுநாள் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. சமதளச் சாலை. யார் எவ்வளவு நடப்பார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதில் திணறியவரை மூன்றாம் நாள் டால்ஃபின் மூக்கு என்ற பாறை முனைக்கு இழுக்கக்கூடாது.

டால்ஃபின் மூக்கில் சிக்கல் என்னவென்றால், பக்கத்துக் கிராமமான வட்டக்கானலிலிருந்து போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். ஒரு வழி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான், ஆனாலும் போய்வர மூன்று மணி நேரம் வையுங்கள். மூடுபனி ஏறுமுன் காலை ஏழுக்கே கிளம்புங்கள். பாறை நுனியில் செல்ஃபி வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள். வழியிலுள்ள டீக்கடையில் பாதியிலேயே நின்றுவிட யாருக்கும் உரிமை உண்டு என்று முதல்நாளே பேசிவைத்தால், ரோஷத்துக்காக யாரும் நடக்கமாட்டார்கள். அதற்கும் கீழே வெள்ளகவி கிராமத்துக்குப் போகும் பாதை இந்தக் கூட்டத்துக்கு அல்ல.

ஊன்றுகோல் ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். நீளம் மாற்றக்கூடியதென்றால் ஏற்றத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் அளவுக்கு வைத்து, இறக்கத்தில் ஐந்து முதல் பத்து செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் சொதப்புவது நிற்பதில்தான். வேகமானவர்கள் முன்னால் போய் ஒரு வளைவில் காத்திருப்பார்கள். மெதுவானவர் வந்து சேர்ந்ததும் "சரி, போவோமா?" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, அவருக்கு ஒன்றுமில்லை. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே ஐந்து நிமிடம் எண்ணத் தொடங்குங்கள். மெதுவானவர் முன்னால் நடக்கட்டும். மருந்துப் பையோடு நிதானமான ஒருவர் எல்லோருக்கும் பின்னால்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடக்கும் நாளில் சர்க்கரை இறங்கிவிடலாம். அளவைக் குறைக்கவேண்டுமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கவேண்டும், வேனில் விட்ட பையில் அல்ல. வேர்வையும் நடுக்கமும் தட்டினால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிட ஓய்வு, பிறகு பிஸ்கட். குளிரில் தாகம் தெரியாது என்பதால் அரைமணிக்கு ஒருமுறை நாலு மிடறு தண்ணீர். வழியில் ஒதுங்க நேருமே என்று குடிக்காமல் இருப்பவர்தான் கடைசியில் தலைசுற்றி உட்காருவார்.

நான்காம் நாள் நடை வேண்டாம். பிரையன்ட் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலையடிவாரத்து வத்தலகுண்டுக்கு இறங்கிவிடுங்கள்.