புதுப்பானையில் பொங்கல்: விரிசலும் அடிப்பிடிப்பும் இல்லாமல்

மண்பானை வாங்கும்போதே விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுக்கலாம், டொக்கென்றால் எங்கோ கீறல் இருக்கிறது. தை முதல் நாளுக்கு முந்தைய இரவு முழுக்க அதைத் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். ஊறாத பானையை நேரே தீயில் ஏற்றினால் பாதியில் வெடிக்கும். இஞ்சி, மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டும்போது இலைகள் மேல்நோக்கி நிற்கட்டும், தொங்கினால் கருகும்.

நான்கு லிட்டர் பானைக்கு பச்சரிசி 300 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 75 கிராம், வெல்லம் 450 கிராம், நெய் 100 மில்லி. அரை லிட்டர் பாலோடு, அரிசியின் இரண்டாம் கழுநீரைக் கழுத்துவரை ஊற்றுங்கள். நுரை எழுவதே பாலாலும் கழுநீரின் மாவுச்சத்தாலும்தான். வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர பொங்காது.

முதல் பத்து நிமிடம் சிறுதீ போதும். பானை சூடேறியபின் பனையோலையைச் செருகினால் தீ குபீரென்று எழும், பாலும் பொங்கும். கிழக்கே வழிந்தால் நல்லதென்பார்கள். அடுப்புக்கல்லை அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைப்பதைச் சூரியன் கண்டுகொள்வதில்லை!

பொங்கலோ பொங்கல் சொல்லி, குலவையிட்டு, மூன்று கை அரிசியைப் பானையைச் சுற்றி உள்ளே போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் உலைநீரை முகந்து தனியே வைத்துவிட்டு, மீதி அரிசியையும் பருப்பையும் போடுங்கள். இறுகும்போது முகந்த நீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் பட்டால் சூட்டுப்பானை விரியும்.

அரிசி விரலில் மசிந்த பிறகே வெல்லம். முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், எவ்வளவு எரித்தாலும் வேகாது. வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். பால் வற்றாமல் சளசளவென்று இருக்கையில் ஊற்றினால் திரிந்துபோகும். வெல்லம் ஊற்றியதுமே விறகை இழுத்துவிடலாம். தணலும் பானைச் சூடும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தீயை விட்டுவைத்தால் அடிப்பிடிக்கும். மரத்துடுப்பால் அடிவரை கிளறுங்கள், கரண்டி வேண்டாம். கடைசியில் நெய், முந்திரி, ஐந்து ஏலக்காய். பச்சைக்கற்பூரம் கடுகளவு; கூடினால் கசக்கும்.

தலைவாழை இலையில் படைத்து முடித்ததும் பானையை உடனே கழுவப் போகாதீர்கள். முழுக்க ஆறியபின் வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். சோப்பை மண் உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த சமையலில் அந்த வாடை வரும்.