டேட்டாகிரிட்வியூவில் பில் அடிப்பவருக்காக

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் சீனியும் பருப்பும் மொத்தமாகப் போகும் கடையில், பில் அடிப்பவரின் கை மவுஸுக்குப் போகாது. விண்டோஸ் மென்பொருளுக்குத் திரைகள் கட்டும் விண்டோஸ் ஃபோர்ம்ஸின் டேட்டாகிரிட்வியூவை, அதாவது அட்டவணைக் கட்டத்தை, இழுத்துப் போட்டபடியே கொடுத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

கட்டத்தை பைண்டிங்சோர்ஸ் என்ற இடையிணைப்பு வழியாக ஒரு டேட்டாடேபிளோடு (நினைவகத்தில் இருக்கும் அட்டவணை) இணையுங்கள். விலை நிரல் (மேலிருந்து கீழான வரிசை) டெசிமல் என்ற எண் வகையாக இருக்கட்டும். டபிள் வகை போட்டால் சதக் கணக்கு பிசகும். தொகை நிரலுக்கு எக்ஸ்பிரஷனில் (கணக்கு வாய்பாடு) அளவு × விலை என்று கொடுத்தால் போதும். அடுத்த நிரைக்கு (இடமிருந்து வலமான வரிசை) போன பிறகுதான் தொகை மாறும். அது பிழையல்ல, நிரையின் திருத்தம் அப்போதுதான் முடிகிறது.

என்டர் அடித்தால் கேர்சர் கீழே இறங்கும். நமக்கு வேண்டியது பக்கத்துக் கலம். டேட்டாகிரிட்வியூவிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து விசை அழுத்தத்தைக் கையாளும் புரொசெஸ்டயலொக்கீ, புரொசெஸ்டேட்டாகிரிட்வியூகீ இரண்டையும் ஓவர்ரைட் செய்யுங்கள், அதாவது நமக்கேற்றபடி மாற்றி எழுதுங்கள். முன்னது கலத்துக்குள் அடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னது சும்மா நிற்கும்போது. ஒன்றை மட்டும் எழுதினால் என்டர் ஒருநேரம் பக்கத்துக்கும் ஒருநேரம் கீழேயும் போகும்.

அடித்ததைச் சரிபார்க்கும் இடம், கலத்தை விட்டு நகரும்போது எழும் செல்வலிடேட்டிங் நிகழ்வு. அங்கே கலத்தின் வெல்யூவைப் பார்த்தால் பழைய எண்தான் கிடைக்கும், நிகழ்வு தரும் ஃபோர்மட்டட்வெல்யூவைப் பாருங்கள். பிழையென்றால் நிரையின் எரர்டெக்ஸ்டில் எழுதி, நிகழ்வின் கேன்சலை ட்ரூ ஆக்குங்கள். கலத்தின் திருத்தம் முடியும்போது எழும் செல்எண்ட்எடிட்டில் அந்த எரர்டெக்ஸ்டை அழியுங்கள். அழகுக்காக இடப்பக்க நிரைத்தலைப்பை மறைத்திருந்தால் அங்கே வரும் பிழையின் சிவப்புக் குறி தெரியாது, பில் அடிப்பவர் ஏன் நகர முடியவில்லை என்று விழிப்பார். கடைசி வெற்று நிரையை இஸ்நியூரோ (புது நிரையா என்று சொல்லும் பண்பு) பார்த்து, சரிபார்க்காமல் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கேர்சர் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

தரவில் பிழை வந்தால் எழும் டேட்டாஎரர் நிகழ்வையும் கையாளுங்கள். சாமான் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கியபின் பழைய பில்லைத் திறந்தால், கொம்போபொக்ஸ் (தெரிவுப் பட்டியல்) நிரல் இந்த நிகழ்வைத்தான் கிளப்பும். கையாளாத கட்டம் நீண்ட ஆங்கிலப் பெட்டி ஒன்றை முகத்தில் நீட்டும்.

அதிகம் அடிபடுவது சேமிக்கும் இடத்தில். டூல்ஸ்ட்ரிப் (மேல் கருவிப்பட்டை) பட்டன் ஃபோகஸை எடுப்பதில்லை, அதனால் கடைசியாக அடித்த கலம் டேபிளுக்குப் போயிருக்காது. முதலில் ஃபோர்மின் வலிடேட்; அது ஃபோல்ஸ் தந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பைண்டிங்சோர்ஸின் எண்ட்எடிட், அதன்பிறகே தரவுத்தளத்தில் எழுதும் அப்டேட்.

திகதி நிரல் இருந்தால் ட்ரைபார்ஸ்எக்ஸாக்ட்டில் (சொன்ன வடிவில் மட்டும் திகதியை வாசிக்கும் கட்டளை) நாள்/மாதம்/ஆண்டு என்று கட்டிவிடுங்கள். கடைக் கணினியின் விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் இருந்தால், 05/08 என்று அடித்த ஓகஸ்ட் 5 மே 8 ஆகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.