கட்டைவிரல் குட்டையாக இருந்தால்: வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

என் வலது கட்டைவிரல் நகம் நீளத்தைவிட அகலமானது. இடது கட்டைவிரல் எல்லோருக்கும் இருப்பது போலத்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி நசுங்கிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தார். அப்படி நடந்ததாக எனக்கு நினைவே இல்லை, ஆனாலும் நம்பினேன். 36 வயதில் ஒருநாள் மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் கட்டைவிரலைப் பிடித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அதே நகம். அவள் எந்தக் கதவிலும் கை நசுங்கியவள் இல்லை.

அன்றிலிருந்து படித்ததையும், ஓர் எலும்பு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டதையும், உறவினர் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இப்படி ஒரு விரல் இருந்தால், பயப்படும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டி வைத்து, நகம் உங்களைப் பார்க்க நீட்டுங்கள். விரல் மடங்கும் இடத்தில் தோலில் கோடுகள் இருக்கும் அல்லவா, அந்தக் கணுக்கோடுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் வரட்டும். நுனியைச் சமமாக வைத்தால் வித்தியாசம் தெரியாது. கணுவைச் சமமாக வைத்ததும், என் வலது விரல் இடது நகத்தின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கணுவுக்குக் கீழே இரண்டும் ஒன்றுதான். இரண்டு கையிலும் இருந்தால் இப்படி ஒப்பிட முடியாது. அப்போது நகத்தை அளவுகோலால் அளங்கள். தோலிலிருந்து நகம் வெளிவரும் இடம் முதல் சதை முடியும் இடம் வரை நீளம், ஓரத்துக்கு ஓரம் அகலம். எனக்கு வலதில் நீளம் 10 மில்லிமீட்டர், அகலம் 14.

காரணம் நகத்தில் இல்லை, எலும்பில் இருக்கிறது. மற்ற விரல்களில் மூன்று எலும்புகள், கட்டைவிரலில் இரண்டுதான். நுனி எலும்பின் அடிப்பக்கத்தில் வளர்தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வயதில் அது மூடிக்கொள்ளும். என்னைப் போன்றவர்களுக்குக் கட்டைவிரல் நுனியில் மட்டும் அது பல ஆண்டுகள் முந்தியே மூடிவிடுகிறது. நீளம் அதோடு நின்றுபோகிறது. அந்த எலும்பின்மேல் படுத்திருக்கும் நகமும் குட்டையாக, அகலமாக, சற்றுத் தட்டையாக அமைந்துவிடுகிறது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் பிராக்கிடாக்டிலி டி வகை. பெயர்தான் பெரிது, கிரேக்கத்தில் 'குட்டை விரல்' என்றுதான் பொருள். குட்டை விரல்களை ஏ, பி, சி, டி, இ என்று 1951-ல் வகைப்படுத்தியவர் ஜூலியா பெல் என்ற ஆங்கிலேய மரபியலாளர். 100 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதிலிருந்து நான்கு பேர் வரை, மக்களுக்கு மக்கள் இதன் எண்ணிக்கை மாறும். பெண்களிடம் அதிகம். ஒரு கையில் மட்டும் வருவதும் உண்டு, என்னைப் போல.

அடுத்து, குடும்பத்தாரின் கைகளைப் பாருங்கள். "உங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள், தங்கள் கட்டைவிரலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நேரில் பாருங்கள். என் அப்பாவின் இரண்டு விரல்களும் சாதாரணம். அம்மாவுக்கும் இல்லை. சரி, நமக்கு மட்டும்தான் போல என்று நினைத்திருந்தேன். அப்புறம் அத்தை வீட்டுக்கு வந்தபோது பார்த்தால், அப்பாவின் அக்காவான அவருக்கு இரண்டு கையிலும் அதே நகம்! பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், இது வெளிப்படலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச்சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மரபணு இருந்தும் விரலில் காட்டாமல் போகிறவர்கள் உண்டு. என் அப்பா அப்படி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதனால் ஒரு தலைமுறையைத் தாண்டி வந்தது போலத் தெரியும்.

இன்னொரு வடிவம், பின்னால் வளையும் கட்டைவிரல். விரலை நிமிர்த்தினால் நுனி வில் மாதிரி பின்பக்கம் சாயும். மறு கையால் தள்ளாமல் தானாக எவ்வளவு சாய்கிறது என்று பாகைமானி வைத்துப் பாருங்கள். 1953-ல் கிளாஸ், கிஸ்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 50 பாகையை எல்லையாக வைத்து, இது ஒரே மரபணுவால் வருவது என்று எழுதினார்கள். பள்ளிப் பாடங்களில் அது இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் அப்படி இரண்டாகப் பிரிக்க முடியாது. நேரான விரலிலிருந்து நன்றாக வளையும் விரல் வரை எல்லா அளவிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே விரலை வைத்து 'யார் பிள்ளை' என்று யாராவது பேசினால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேச்சுக்கு அறிவியலில் இடமே இல்லை.

இப்போது முக்கியமான இடம். ஆங்கிலத்தில் என்னுடையது போன்ற விரலையும், நுரையீரல், இதய நோய்களில் வீங்கும் விரல் நுனியையும் 'கிளப்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். மகளின் விரலைப் பார்த்த அன்றிரவு இணையத்தில் தேடி, அவளுக்கு இதயத்தில் ஏதோ என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தேன். இரண்டும் வேறு வேறு. நோயால் வருவது பெரும்பாலும் இரு கை விரல்களிலும் தெரியும், பிறகு வந்து சேரும், நகத்தின் அடிப்பகுதி அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும், நகம் கிளிமூக்கு மாதிரி கீழ்நோக்கி வளையும். சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: இரு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகு ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் வைர வடிவத்தில் சின்ன இடைவெளி தெரிந்தால் நல்லது. 1976-ல் இதை எழுதிய தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தனக்கே இதய உட்சுவர் தொற்று வந்தபோது தன் விரல்களில் அந்த இடைவெளி மறைவதைக் கவனித்தவர்.

அந்த இடைவெளி இல்லை, அல்லது விரல் வடிவம் அண்மையில் மாறியது, வலிக்கிறது, மடக்கினால் சிக்கிக்கொண்டு நிமிர மறுக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தைக்குக் கட்டைவிரல் மிகச் சிறிதாகத் தொங்கினாலோ, மற்ற விரல்கள் போல மூன்று கணுவோடு நீண்டிருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சில நேரம் அவற்றோடு இதயத்தையோ சிறுநீரகத்தையோ பார்க்க வேண்டிவரும். சின்ன வயதிலிருந்து அப்படியே, வலியில்லாமல், பிடிமானம் குறையாமல் இருக்கும் குட்டை விரலுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. நகத்தை ஒடுக்கமாகக் காட்ட ஓரங்களை ஆழமாக வெட்டாதீர்கள். சதைக்குள் வளர்ந்து சீழ் வைக்கும்.

பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விரல் சூப்பியதால் என்றோ அடிபட்டதால் என்றோ ஒரு கதை கட்ட வேண்டாம். அது தன் தப்பு என்று குழந்தை மனதில் தங்கிவிடும், எனக்குத் தங்கியிருந்தது. நான் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்த எலும்பு கொஞ்சம் சீக்கிரம் வளர்ந்து முடிச்சிடுச்சு. எனக்கும் அப்படித்தான், அத்தைப் பாட்டிக்கும் அப்படித்தான்." அவள் உடனே அளவுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினாள்.