பெட்ரோல் போட்டதும் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? முதலில் பர்ஜ் வால்வைப் பாருங்கள்

பங்க் வரை ஒழுங்காக வந்த வண்டி, டேங்க்கை நிரப்பியதும் முரண்டு பிடிக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. நாலைந்து தடவை அடித்த பிறகு குலுங்கி, பெட்ரோல் வாடையோடு ஸ்டார்ட் ஆகும். மறுநாள் காலையில் ஒரே சுற்றில் கிளம்பும். இதற்குப் போய் பேட்டரி, பிளக், ஃப்யூவல் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டாம். பெட்ரோல் போட்டால் மட்டும் வருகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல்தான். டீசல் வண்டியில் இது கிடையாது.

டேங்க்கில் எழும் ஆவியை சார்கோல் கேனிஸ்டர் (கரி நிரப்பிய டப்பா) பிடித்து வைக்கும். ஓடும்போது பர்ஜ் வால்வு விட்டு விட்டுத் திறந்து, அந்த ஆவியை இன்டேக்குக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) அனுப்பி எரிக்கும். கரன்ட் இல்லாதபோது அது இறுக மூடியிருக்க வேண்டும். மூடாமல் சிக்கிக்கொண்டால்? 35 லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால், அதே 35 லிட்டர் அளவு ஆவி வெளியே தள்ளப்படுகிறது. பெரும்பங்கு ஊற்றும் வாய் வழியாகப் போய்விடும். மீதி கேனிஸ்டரைத் தாண்டி நேரே இன்டேக்கில் நிரம்பும். காற்றுக்கு இடமில்லாமல் இன்ஜின் திணறும். ஈரோடு, கரூர் பக்கத்து சித்திரை வெயிலில், டேங்க் காலியாகும் வரை ஓட்டிவிட்டு ஃபுல் போடும்போது தொல்லை கூடுதலாக இருக்கும்.

அந்த நேரத்துக்குச் செய்ய வேண்டியது: ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் ஆவியைக் கலைக்கும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி அடிக்கலாம். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். இப்படிக் கிளம்பியது என்றால் பாதி நோய் தெரிந்த மாதிரி. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி விட்டு அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் அது வேறு கதை: பெட்ரோல் லைனில் பிரஷர் நிற்கவில்லை. அது பெட்ரோல் போடாமல் வண்டியை நிறுத்தி வைத்தாலும் வரும்.

வீட்டில் சோதிக்க, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்டேக் அருகே இரண்டு ஹோஸும் ஒரு கனெக்டரும் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுதான் வால்வு. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரல் வையுங்கள். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் விரலை இழுத்தால் வால்வு போச்சு. இழுப்பு நின்றுவிட்டால் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

வால்வைக் கழற்றியபின் உள்ளங்கையில் தட்டுங்கள். கறுப்புக் குருணை கொட்டினால் கேனிஸ்டர் உள்ளே உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே குருணையில் சிக்கும். கேனிஸ்டரையும் மாற்றி, ஆவி வரும் லைனைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே புதியதைப் பூட்ட வேண்டும். மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0496 என்ற கோளாறுக் குறியீடு கிடைத்தால் இந்தக் கோளாறுக்கு நல்ல சாட்சி. குறியீடே வராமலும் இருக்கும், அதை நம்பி வால்வை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகி, இரண்டு மூன்று கிலோமீட்டரில் இழுவை குறைந்து தட்டத் தொடங்கினால் பெட்ரோலில் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். 200 மில்லி பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் அரைமணி நேரம் வையுங்கள். கலங்கலாகவோ அடியில் தனி அடுக்காகவோ தெரிந்தால் டேங்க்கை இறக்க வேண்டியதுதான்.

கேனிஸ்டரைக் கெடுப்பதில் முக்கியப் பங்கு நம் ரவுண்ட் ஃபிகர் பழக்கத்துக்கு உண்டு. கன் தானாக கட் ஆனபின் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், ஆவிக்கான குழாயில் பெட்ரோலே ஏறி கரியை நனைத்துவிடும். “ரெண்டாயிரத்துக்கு ரவுண்டு பண்ணிரட்டுங்களா?” என்று கேட்டால், “கட் ஆனதோட போதுங்க” என்று சொல்லிவிடுங்கள்.