நோட்டீஸ் காலம் இரு பக்கமும் ஒன்றா? நெல்லையிலிருந்து புதிதாக வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கு

மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர்ப் பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர்கள் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளம், தங்குமிடம், டிக்கெட் மூன்றையும் பார்த்துவிடுகிறார்கள். நோட்டீஸ், அதாவது வேலையை விடவோ நிறுத்தவோ எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற வரியை யாரும் நின்று படிப்பதில்லை. "எல்லாருக்கும் இதே பேப்பர்தான் அண்ணாச்சி, போடுங்க" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் அந்த வரியைத் தேடுங்கள். தொழிலாளி 90 நாள், நிறுவனம் 30 நாள் என்று இருந்தால், அவர்கள் உங்களை ஒரு மாதத்தில் அனுப்பிவிடலாம். நீங்கள் கிளம்ப மூன்று மாதம் ஆகும். வேறு நல்ல வேலை கிடைத்தாலும் அத்தனை நாள் காத்திருக்கும் முதலாளி அரிது.

இது செல்லுமா என்பது நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலைவாய்ப்புச் சட்டமே இரு தரப்புக்கும் ஒரே காலம் என்கிறது. அங்கே சட்டத்தைக் காட்டியே திருத்தம் கேட்கலாம். சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பிரிட்டனில் ஏற்றத்தாழ்வாக எழுதத் தடையில்லை, குறைந்தபட்ச அளவுதான் உண்டு. சவூதியில் வெளிநாட்டவருக்குக் காலவரையறை உள்ள ஒப்பந்தம்தான். ஆகவே அங்கே முடியும் தேதியையும், நடுவில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்பதையும் பாருங்கள்.

நம்மவர்கள் நிறையப் போகிற அமீரகத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி நோட்டீஸ் 30 நாளுக்குக் குறையவும் கூடாது, 90 நாளைத் தாண்டவும் கூடாது. நோட்டீஸை முழுதாகக் கொடுக்காத தரப்பு, மீதி நாளுக்கான சம்பளத்தை மற்றவருக்குக் கட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நஷ்டமே இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். மாதம் 3,000 திர்ஹம் வாங்குகிறவர் 90 நாள் நோட்டீஸில் 30 நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டுப் போனால் 6,000 திர்ஹம் அவர் தலையில் விழும். கம்பெனியே உங்களை நிறுத்தினால், நோட்டீஸ் காலத்தில் வேறு வேலை தேட வாரம் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு உண்டு.

அமீரகத்தில் புரொபேஷன், அதாவது தொடக்கச் சோதனைக் காலம், ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் உங்களை நிறுத்த நிறுவனம் 14 நாள் முன்னால் சொன்னால் போதும். நீங்கள் ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் 14 நாள், அங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினால் ஒரு மாதம். இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்திலேயே இருக்கிறது. ஆள் எடுக்கும் செலவை உங்களிடம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். மிரட்டினால் பயந்து கொடுக்காதீர்கள்.

திருத்தம் கேட்கச் சரியான நேரம் கையெழுத்துக்கு முன்பு, விசா வேலை தொடங்குவதற்கும் முன்பு. போய் இறங்கிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுப்பதில்லை. போனில் சொல்லி விட்டுவிடாமல் கம்பெனியின் எச்.ஆருக்கு (பணியாளர் பிரிவுக்கு) மெயில் போடுங்கள்: "இரு தரப்புக்கும் நோட்டீஸ் 30 நாள் என்று திருத்தி, புதிய ஆஃபர் லெட்டர் அனுப்புங்கள்." மறுத்தால் 60-க்கு 60 கேளுங்கள்; காலம் நீண்டாலும் இரு பக்கமும் சமமாக இருப்பதே பாதுகாப்பு. "வாய்ச்சொல் போதும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமீரகத்தில் ஆஃபர் லெட்டரும், அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தமும் ஒத்திருக்க வேண்டும். தமிழிலும் வாசகம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாள் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது ஊர்க் கோயில் கொடைக்கு லீவில் வரும்போதுதான். வந்தவர் திரும்பிப் போகாமல், வாட்ஸாப்பில் "வேலையை விடுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறார். நோட்டீஸ் காலத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாளைத் தாண்டி வராவிட்டால், அமீரகத்தில் நோட்டீஸ் இல்லாமலே உங்களை நீக்கலாம். விட முடிவு செய்துவிட்டால் அங்கே இருக்கும்போதே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதன்பிறகு டிக்கெட் போடுங்கள். சிங்கப்பூரில் கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும்: ஜூன் 10-ல் கொடுத்தால் ஒரு மாத நோட்டீஸ் ஜூலை 9-ல் முடியும்.